ஐம்பத்திரண்டரைப் பெண்கள்

பிப்ரவரி 3

கோபக்காரிக்கு,

உன் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த முகவரியை வாங்கினேன். போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டாய் என்று அவளே சொல்லிவிட்டாள். கடிதத்தையாவது கிழிக்காமல் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

சண்டையைப் பற்றிப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. வேலை விஷயம். அரசு வேலைத் தேர்வுக்குப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள். என் 'எளிய கணித வழிகாட்டி'யின் புதிய பதிப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டும். மற்ற அத்தியாயங்களை நானே மாற்றி அடுக்கி முடித்துவிட்டேன். 'லாப நட்டமும் விகிதமும்' மட்டும் பாக்கி. அதற்குப் புதிதாக அறுபது கணக்குகள் வேண்டும். விடைகளோடு எழுதி அனுப்பி வை. உனக்கு அது பெரிய வேலையில்லை என்று எனக்குத் தெரியும். பதிப்பாளர் தினம் ஆள் அனுப்பி உயிரை எடுக்கிறார்.

ஒரு புத்தக அட்டைக்காக வீட்டை விட்டுப் போனவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். டுடோரியலில் பிள்ளைகள் "டீச்சர் எங்க சார்?" என்று துளைத்தெடுக்கிறார்கள். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாவம், அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். எத்தனை நாளைக்கு அவளைப் படுக்கையில் போட்டு வைப்பது?

மாதக் கடைசிக்குள் கணக்குகள் வந்தாக வேண்டும்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 7

மாஸ்டருக்கு,

ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது. நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கூப்பிட்டுவிடுகிறேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நிதானமாகப் படித்தேன். 'என் எளிய கணித வழிகாட்டி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'என்' இருக்கும்வரை சண்டையும் இருக்கும். சண்டையைப் பற்றிப் பேச எழுதவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள்.

டுடோரியல் ஆண்டு விழாவில் கேடயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மைக் முன்னால் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "இந்தப் புத்தகத்துல இருக்கற ஒவ்வொரு கணக்கும் நானே யோசிச்சு உருவாக்கினது. யார் துணையும் எனக்குக் கிடையாது." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் அப்போது மேடைக்குப் பக்கவாட்டில் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கெட்டிலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினேன். அட்டையில் என் பெயர் இல்லாததை இத்தனை பதிப்புகளாகப் பொறுத்துக்கொண்டவள்தான். நீங்கள் வாய்விட்டுச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விலையை ஏற்றி எழுதிவிட்டுத் தள்ளுபடி கொடுக்கும் அந்தத் துணிக்கடைக்காரர், பாலில் தண்ணீர் கலந்துவிட்டு வாங்கிய விலைக்கே விற்பதாகச் சத்தியம் செய்யும் பால்காரர், முதலைப் போட்டுவிட்டு வருஷத்தின் நடுவில் கழன்றுகொள்ளும் பங்குதாரர், கணக்குகளில் வரும் இவர்கள் எல்லோரும் நம் வீட்டு அடுப்பங்கரையில் பிறந்தவர்கள். குக்கர் விசில் கேட்டு வளர்ந்தவர்கள். நீங்கள் அவர்களைத் தத்து எடுத்துக்கூட இல்லை. பிறந்ததே உங்களுக்குத்தான் என்று மைக்கில் அறிவித்துவிட்டீர்கள்.

உங்களுக்குரியதை நான் மறுக்க மாட்டேன். குறுக்குவழிகள் உங்களுடையவை. அரை நிமிடத்தில் விடை பிடிக்கச் சொல்லித்தர உங்களை விட்டால் ஆளில்லை. ஆனால் குறுக்குவழியில் போய்ச் சேர ஓர் ஊர் வேண்டுமே. அந்த ஊரைக் கட்டியது நான்.

அதனால் கேளுங்கள். அட்டையில் இரண்டு பெயர்கள் வர வேண்டும். அதுவரை அறுபது இல்லை, ஆறு இல்லை, ஒரு கணக்குகூடக் கிடையாது. போனில் பேச வேண்டாம். போனில் நீங்கள் வகுப்பு எடுப்பீர்கள், நான் 'உம்' கொட்டுவேன். காகிதத்தில் நானும் முழு வாக்கியம் பேசலாம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சலவைக்கடைக்கு மேல் மாடி அறை. கீழே மிஷின் ஓடினால் என் கட்டிலும் சேர்ந்து நடுங்கும். மாலையில் பெண்கள் விடுதி ஒன்றில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். என் தங்கையை எழுப்பி உட்கார வையுங்கள்.

கணக்குக்காரி


பிப்ரவரி 12

டீச்சரம்மாவுக்கு,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. ரொம்ப நன்றி.

கணக்கு எழுதுவது என்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலையா? பழைய கணக்கை எடுக்க வேண்டியது, எண்ணை மாற்ற வேண்டியது, ஆப்பிளை ஆரஞ்சு ஆக்க வேண்டியது. இதற்கு ஒரு பெயர், ஒரு அட்டை, ஒரு தனிக் குடித்தனம்! விடையைக் கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கேள்வி கேட்க யாராலும் முடியும்.

நேற்று ஒரே மூச்சில் பதினைந்து கணக்குகள் எழுதிவிட்டேன். இந்த வேகத்தில் போனால் அறுபதும் வாரக் கடைசியில் முடிந்துவிடும். நீ பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று மூன்றை மட்டும் கீழே எழுதுகிறேன்.

ஒன்று: ஒரு தொழிற்சாலையில் ஆண்களும் பெண்களும் 5:3 என்ற விகிதத்தில் வேலை செய்கிறார்கள். மொத்தம் 140 பேர் என்றால் பெண்கள் எத்தனை பேர்?

இரண்டு: தந்தை, மகன் வயதுகளின் விகிதம் 7:5. இருவர் வயதின் கூட்டுத்தொகை 60 என்றால் தந்தையின் வயது என்ன?

மூன்று: ஒரு வியாபாரி ஒரு கடிகாரத்தை 120 சதவீத நட்டத்தில் விற்றார். அடக்கவிலை 500 என்றால் விற்றவிலை என்ன?

எப்படி? உன் கணக்குகளுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? நாளைக்கே மாதிரித் தேர்வில் இவற்றை வைக்கப்போகிறேன்.

நீ வர வேண்டும் என்றால் வரலாம். கதவு திறந்தேதான் இருக்கிறது. கணக்குக்காக அல்ல.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் கீழே சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டார். "என்னம்மா, அழறியா?" என்றார். பாவம், அவர் கேட்டுப் பழகிய சத்தம் அது.

தயவுசெய்து முதல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுதினீர்களே தவிரப் போட்டுப் பார்க்கவில்லை என்று பந்தயமே கட்டுவேன். ஐந்தும் மூன்றும் எட்டு. நூற்று நாற்பதை எட்டால் வகுத்தால் பதினேழரை. அதை மூன்றால் பெருக்குங்கள். உங்கள் தொழிற்சாலையில் ஐம்பத்திரண்டரைப் பெண்கள் வேலை செய்கிறார்கள்! ஆண்கள் எண்பத்தேழரை. அந்த அரை ஆணையும் அரைப் பெண்ணையும் ஒட்டவைத்து ஒரு ஆளாகக் கணக்குக் காட்டித்தான் 140 வருகிறது. அந்த அரைப் பெண் யார் மாஸ்டர், நானா?

இரண்டாவது கணக்கு அதைவிடப் பிரமாதம். தந்தைக்கு முப்பத்தைந்து, மகனுக்கு இருபத்தைந்து. பத்து வயதில் பிள்ளை பெற்ற அந்த மகானை எந்தப் பள்ளிக்கூடத்தில் பிடித்தீர்கள்?

மூன்றாவதைச் சலவைக்கடை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நூறு சதவீத நட்டம் என்றால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். நூற்றிருபது என்றால் கடிகாரத்தையும் கொடுத்து, கையில் காசையும் திணித்து, வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார். அக்கா கேட்டார்: "அந்தக் கடை எங்க இருக்கு? வா, நாமளும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வரலாம்." பழைய கணக்கில் 'லாபம்' என்று இருந்ததை 'நட்டம்' என்று மாற்றியிருக்கிறீர்கள். எண்ணை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

இத்தனை வருஷமாக நான் கொடுத்த எந்தக் கணக்கையும் நீங்கள் சரிபார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. எப்படிப் போட்டாலும் விடை முழுசாக வந்து விழும். அது தானாக வந்து விழுகிறது என்று நினைத்துவிட்டீர்கள்.

எப்படி எழுதுவேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்கைத் தலையிலிருந்து எழுதுகிறீர்கள். நான் வாலிலிருந்து எழுதுவேன். முதலில் விடை. பெண்கள் ஐம்பத்து நான்கு பேர் என்று வைத்துக்கொள்வேன், அவர்கள் முழு உடம்போடு இருப்பார்கள். ஆண்கள் தொண்ணூறு. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு. விகிதம் அதே ஐந்துக்கு மூன்றுதான். நாலு பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்திருந்தால் யாரையும் வெட்ட வேண்டியிருக்காது. அப்பா, பிள்ளை கணக்கு என்றால் அவருக்கு எந்த வயதில் கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளை எப்போது பிறந்திருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் விகிதத்தைத் தொடுவேன். வியாபாரி நட்டத்துக்கு விற்றால் ஏன் விற்றார் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு மழையில் சரக்கு நனைந்திருக்கும். சிலருக்குக் கடையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதையெல்லாம் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் தெரியாமல் எழுத மாட்டேன்.

கேள்வி கேட்க யாராலும் முடியும் என்றீர்கள். கேளுங்களேன், பார்ப்போம்.

கணக்குக்காரி

பி.கு.: மாதிரித் தேர்வில் வைக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வைத்துவிட்டீர்களா? ஐயோ!


பிப்ரவரி 21

உனக்கு,

உன் கடிதம் வருவதற்குள் தேர்வு நடந்துவிட்டது.

விடைகளுக்கு நான்கு வாய்ப்புகள் கொடுத்திருந்தேன். 50, 52, 54, 56. முதல் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், ஐம்பத்திரண்டரை எதுலயும் இல்லையே சார்." நான் அவளைத் திட்டி உட்கார வைத்தேன். "ஒழுங்கா போட்டுப் பாரு!" என்றேன். பிறகு நானே பலகையில் போட ஆரம்பித்தேன். நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால், சாக்பீஸும் கையுமாக, எட்டால் வகுத்துக்கொண்டு நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், அது மேல் பாதியா, கீழ் பாதியா?"

மறுநாள் காலையில் வகுப்புக்குப் போனால் பலகையில் பாதி உடம்போடு ஒரு பெண்ணை வரைந்து வைத்திருக்கிறார்கள். நானே துடைத்தேன். உனக்குச் சந்தோஷம்தானே?

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாய். ஊரும் சிரித்துவிட்டது. போதும். பிடிவாதத்தை விடு. நான் ஒரு நல்ல வழி சொல்கிறேன். புத்தகத்தின் உள்பக்கத்தில், முன்னுரைக்குக் கீழே, 'இந்நூல் உருவாக உறுதுணையாக இருந்த என் மனைவிக்கு என் மனமார்ந்த நன்றி' என்று போடுகிறேன். தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன். வேறு யார் செய்வார்கள் இதை? பதிப்பாளரே "எதுக்கு சார் இதெல்லாம்?" என்றுதான் கேட்டார்.

வீடு வீடாக இல்லை. ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் என்று தெரியாமல் எல்லா டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்தேன். இதை உன்னை இரக்கப்பட வைக்க எழுதவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

கணக்குகளோடு வந்து சேர்.

நான்


பிப்ரவரி 24

மாஸ்டருக்கு,

மாத்திரை, காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால் நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. தவறாமல் போடுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு நீங்கள் தெம்பாக வேண்டும்.

பலகையில் வரைந்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இல்லை. கடிதத்தில் உங்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் கடைசி பெஞ்சை எழுப்பி வெளியே நிற்க வைத்திருப்பேன்.

இப்போது உங்கள் நன்றிக்கு வருகிறேன். வேண்டாம். நன்றியை யாருக்குச் சொல்வார்கள்? உதவியவர்களுக்கு. நான் உதவவில்லை, செய்தேன். விடிய விடிய விளக்கு எரியக் கரண்ட் கொடுத்ததற்கு மின்சார இலாகாவுக்கும்கூட நன்றி சொல்லலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. செய்தவளுக்கு அட்டையில்தான் இடம். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று எனக்கு ஆசை காட்டாதீர்கள்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்காக என்று யாரும் நினைக்கக் கூடாது. புத்தகம் விற்று வந்ததெல்லாம் நம் வீட்டு அடுப்பில்தான் எரிந்தது. நானும்தான் சாப்பிட்டேன். அதில் எனக்கு வழக்கே இல்லை.

ஒரு விஷயத்தை மறைக்க மனமில்லை. உங்கள் எதிர்ப் பதிப்பகத்துக்காரர் என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டார். பெண்கள் விடுதியில் படிக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சலவைக்கடை அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துணி போடவா, துணி வாங்கவா?" என்றார். ஆள் அசரவில்லை. அட்டையில் என் பெயர் மட்டும், வேறு யார் பெயரும் வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டினார். "அவர் போட்ட ஐம்பத்திரண்டரை எங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சு மேடம்" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என் கணக்குகளை மட்டும் வைத்து ஒரு புத்தகம் போடலாம். ஆனால் அது வேறு புத்தகம். நான் கேள்வியை எழுதி அடுப்பங்கரையிலிருந்து நீட்ட, நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அதை அரை நிமிடத்தில் உடைத்து, "இது போதாது, இன்னும் கொஞ்சம் முடிச்சுப் போடு" என்று திருப்பித் தருவீர்களே, அப்படி உருவான புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும். உங்களையும் கொஞ்சம் பிடிக்கும். அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

அவரிடம் மார்ச் பதினைந்துவரை அவகாசம் கேட்டிருக்கிறேன். அதற்குள் அட்டையில் என் பெயர் வர வேண்டும். இல்லையென்றால் அங்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன். இது மிரட்டல்தான்.

கணக்குக்காரி


மார்ச் 1

போட்டுக்கொள் கையெழுத்து! யார் தடுத்தார்கள்? அவன் நாளைக்கு உன்னையும் ஏமாற்றுவான், அப்போது தெரியும்.

இருந்தாலும் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். பதிப்பாளரோடு தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தி உன் பெயரை அட்டையிலேயே போட வைத்துவிட்டேன். மாதிரியை இதோடு இணைத்திருக்கிறேன். நீ கேட்டாய், வந்துவிட்டது. இதற்கு மேல் இறங்க எனக்குப் படி இல்லை.

கணக்குகளை உடனே அனுப்பு.


மார்ச் 4

மாஸ்டருக்கு,

அட்டையைப் பார்த்தேன். முதலில் என் பெயரைக் காணவில்லை. பிறகு சலவைக்கடை அக்காதான் கண்டுபிடித்தார். "இதோ இருக்கு பாரு, விலாசத்துக்கு மேல எறும்பு மாதிரி." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தது.

அடிக்கோலை எடுத்து அளந்தேன். நான் வேறென்ன செய்வேன் என்று நினைத்தீர்கள்? உங்கள் பெயரின் எழுத்து உயரம் இருபத்து நான்கு மில்லிமீட்டர். என் பெயருக்கு ஆறு. நாலுக்கு ஒன்று. உங்களுக்குத் தங்க நிறம், எனக்குச் சாம்பல் நிறம். அதற்கு விகிதம் போட எனக்குத் தெரியவில்லை.

பதிப்பாளரோடு கத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். கத்தியதில் எனக்கு வந்தது ஆறு மில்லிமீட்டர்.

கேட்டபடி ஒரு கணக்கு அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று. புதுசு, இன்னும் யாரும் போட்டதில்லை. உங்கள் குறுக்குவழி எதையும் உபயோகிக்காமல், வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நிதானமாகப் போடுங்கள்.

இருவர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினார்கள். முதலாமவர் ஒரு பங்கு முதல் போட்டார். ஆனால் ஆறு மாதத்தில் தன் முதலை எடுத்துக்கொண்டார். இரண்டாமவர் அதில் பாதிதான் போட்டார். ஆனால் ஆண்டு முழுக்க அதை எடுக்கவே இல்லை. ஆண்டு முடிவில் லாபத்தை இருவரும் எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்?

முதலாமவர் பெரிய முதல் போட்டவர், அதனால் அவருக்குத்தான் அதிகம் என்று சட்டென்று தோன்றும். தோன்றட்டும். பிறகு போட்டுப் பாருங்கள்.

பதினைந்தாம் தேதி நெருங்குகிறது.

கணக்குக்காரி


மார்ச் 10

உனக்கு,

உன் கணக்கை வகுப்பில் எழுதிப் போட்டேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. எனக்குள் ஒரு வீம்பு, பிள்ளைகள் யாராவது 'முதலாமவருக்குத்தான் அதிகம்' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டொருவர் சொன்னார்கள். ஐம்பத்திரண்டரையைக் கண்டுபிடித்தாளே, அதே முதல் வரிசைப் பெண் எழுந்தாள். "ஒண்ணை ஆறால பெருக்கினா ஆறு. அரையைப் பன்னிரண்டால பெருக்கினாலும் ஆறு. ஒண்ணுக்கு ஒண்ணு சார். சரிசமம்."

சரி என்று சொல்லி அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. "இது டீச்சர் கணக்குதானே சார்? வாசனையே தெரியுது" என்றாள். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பொய் சொல்லவில்லை. "ஆமா, டீச்சர் கணக்குதான். புத்தகத்துல இருக்கற எல்லாக் கணக்கும் அவங்க எழுதினதுதான்" என்றேன். மேடை இல்லை, மைக் இல்லை, ஆனாலும் சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது.

அங்கிருந்து நேராகப் பதிப்பாளரிடம் போனேன். இரண்டு பெயரும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே வரியில் வர வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே. "கீழே சின்னதா போட்டா யார் கண்ணுலயும் படாது, போனாப் போகுதுன்னு விட்டேன். சமமா போட்டா, பொம்பளை போட்ட கணக்குன்னு கடைக்காரன் தொட மாட்டான் சார். சமையல் புத்தகம்னா சொல்லுங்க, அவங்க பேரை இவ்ளோ பெருசா போடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டை மாதிரியைப் பிடுங்கி அவர் மேசைமேல் வைத்தேன். "அவங்க பேர் இல்லன்னா என் பேரும் வேண்டாம். எடுத்துடுங்க" என்றேன். "நிஜமாவா சார்?" என்றார். "நிஜமாத்தான்" என்றேன். உடனே ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கள் இருவர் பெயரையும் எடுத்துவிட்டு 'ஆசிரியர் குழு' என்று போடப்போகிறார்கள். அச்சு திங்கட்கிழமை தொடங்குகிறது.

இத்தனை வருஷம் அந்த அட்டையில் இருந்த பெயர். என் கையாலேயே அடித்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உனக்காக இதைச் செய்தேன் என்ற நிம்மதியும் இருக்கிறது. இப்போது சமம்தானே? எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

இனி என்ன தடை? அறுபது கணக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.

உன்னுடைய நான்


மார்ச் 12

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். இந்தத் தடவை சலவைக்கடை அக்கா சரியாகத்தான் கேட்டார். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்களே, அதற்காக அழுதேன். சாக்பீஸ் ஒடிந்தது என்று எழுதிய வரிக்காகவும். அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு வந்தது கோபம்தான்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்பது விகிதமே இல்லை, மாஸ்டர். இதை நீங்களே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறீர்கள்! அதைச் சமம் என்றும் சொல்லலாம், நாலுக்கு ஒன்று என்றும் சொல்லலாம், நூறுக்கு ஒன்று என்றும் சாதிக்கலாம், தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் பதிப்பாளர் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. 'ஆசிரியர் குழு' என்று பார்க்கிறவன் யாரை நினைப்பான்? கோட்டு போட்ட நாலு ஆண்களை நினைப்பான். அதில் நான் எங்கே இருக்கிறேன்?

நான் உங்கள் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. என் பெயரை எழுதச் சொன்னேன். இரண்டும் ஒன்று என்று எப்படி உங்களுக்குத் தோன்றியது? உங்கள் பெயரைத் தூக்கிப் போட உங்களால் முடிந்தது, ஏனென்றால் அது அங்கே இருந்தது. இத்தனை வருஷம் அனுபவித்துவிட்டு எடுத்துப் போட்டீர்கள். தூக்கிப் போட எனக்கு என்ன இருக்கிறது? எனக்காக ஒரு தியாகம் செய்துவிட்டு அதற்கும் நானே கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். மாட்டேன். உங்கள் குறுக்குவழிகளும் ஒரு பெயருக்கு உரியவைதான். அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வந்தாலும் எனக்கு வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இது கைக்கு வந்ததும் போய் அச்சை நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் கேட்டால், அறுபது கணக்குகள் இல்லாத அத்தியாயத்தை எதை வைத்து அச்சடிக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அறுபதும் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், எந்த மனிதரும் பாதியாக நிற்கவில்லை. ஆனால் அவை தபாலில் வராது. என் பையில் வரும்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு இல்லை, நேராகப் பதிப்பகத்துக்கு. நீங்கள் வாசலில் நில்லுங்கள், சேர்ந்து உள்ளே போகலாம். பேசுவது நான். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், எனக்காகக் கத்தவும் வேண்டாம். பொம்பளை போட்ட கணக்கு என்று அவர் சொன்னாரே, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொல்லிவிட்டு அறுபது கணக்குக்கு ஆள் தேடட்டும். எதிர்ப் பதிப்பகத்தின் ஒப்பந்தமும் என் பையில்தான் இருக்கும், கையெழுத்துப் போடாமல். அதை மேசைமேல் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

இரண்டு பெயரும் ஒரே உயரத்தில் அட்டையில் ஏறி, அதை நான் அளந்து பார்த்த பிறகுதான் கணக்குகளை வெளியே எடுப்பேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். அது தனிக் கணக்கு, அதற்கு நான் இன்னும் விடை வைக்கவில்லை.

இப்படிக்கு,
நூலாசிரியர்களில் ஒருத்தி